ஒரு முட்டைக்கூடும் நூற்றுச் சொச்சம் குஞ்சுகளும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், விலங்கியல் துறை 1980–83 அணியைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் தரப்படுகிறது.)



செயலாளர் போன் பண்ணி, "அண்ணே, பேங்க்ல முப்பத்தெட்டு வருஷம் இருந்திருக்கீங்க. சேமிப்பு பத்திப் பசங்களுக்கு ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். "தம்பி, சேமிப்பு பத்தி நான் பேசினா என் வீட்டுக்காரியே எந்திரிச்சுப் போயிடுவா. கும்பிடுபூச்சி பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "சரிங்கண்ணே" என்றார். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி சொல்லி ஆரம்பிக்கிறேன்.

பிளஸ் டூ முதல் செட்டில் தேறி 1980-இல் இங்கே சேர்ந்தவர்கள் நாங்கள். மெடிக்கல் சீட் கிடைக்காதவர்கள் ஜுவாலஜியில் சேருவது அன்றைய வழக்கம். நானும் அந்த வழியாக வந்தவன்தான். இரண்டாம் வருஷத்தில் ஆளுக்கொரு இன்செக்ட் பாக்ஸ் செய்ய வேண்டும். மரப்பெட்டி, அடியில் தெர்மகோல், மேலே கண்ணாடி மூடி. பட்டாம்பூச்சி, தும்பி, பொன்வண்டு, வெட்டுக்கிளி என்று பிடித்து, கில்லிங் பாட்டிலில் போட்டு, குண்டூசி குத்தி, கீழே பெயர் எழுதி ஒட்ட வேண்டும். மைதானத்துக்குப் பின்னால் இருந்த வேலியில்தான் எங்கள் வேட்டை. நானும் என் ரூம்மேட்டும் சாயங்காலம் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் கண்ணில் பட்ட எதுவும் தப்பாது. அந்த ரூம்மேட் இதோ மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

வேலியில் ஒரு குச்சியில் பிஸ்கட் நிறத்தில் நுரை காய்ந்த மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. சின்ன நெல்லிக்காய் அளவு. கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு என்று புத்தகத்தில் படம் பார்த்திருந்தேன். வகுப்பில் வேறு யாரிடமும் இல்லாத சரக்கு! குச்சியோடு ஒடித்து வந்து பெட்டியின் நடுவில் பொருத்தி, 'ஊத்திக்கா' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பத்துக்குப் பத்து மார்க் கிடைத்தது.

பெட்டி துறை அலமாரியிலேயே கிடந்தது. லீவு முடிந்து வந்து திரும்ப வாங்கினபோது கண்ணாடியின் உள்பக்கமெல்லாம் ஏதோ துகள் துகளாக ஒட்டியிருந்தது. எறும்பு புகுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எறும்பு இல்லை. ஒவ்வொன்றுக்கும் முக்கோணத் தலை. ஒவ்வொன்றும் முன்னங்கால் இரண்டையும் மடக்கி வைத்திருந்தது. தெர்மகோலின் மேலும் மூலைகளிலும் நூறுக்கு மேல் இருக்கும், எல்லாம் காய்ந்து சருகாக. வெளிச்சம் வந்த பக்கமாக ஏறிக் கண்ணாடியிலேயே நின்றுபோனவைதான் அதிகம். நாப்தலின் உருண்டை போட மறந்திருந்தேன். போட்டிருந்தால் கூட்டுக்குள்ளேயே செத்திருக்கும், எனக்கும் தெரியாமல் போயிருக்கும்.

பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த எங்கள் சார், "முட்டைன்னு நீதானப்பா எழுதி ஒட்டினே. முட்டைன்னா என்ன ஆகும்னு யோசிக்கலியா?" என்று கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதன் பிறகு வங்கிப் பரீட்சை எழுதி 1985-இல் கிளார்க்காகச் சேர்ந்தேன். லெட்ஜர், டெபாசிட், கடன் வசூல் என்று காலம் ஓடி 2023 மே மாதம் ஓய்வு. ஜுவாலஜி எனக்குச் சோறு போடவில்லை. ஆனால் வேலி ஓரமாக நடக்கும்போதெல்லாம் குச்சிகளைப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவேயில்லை.

ஓய்வு பெற்ற மறுமாதம் எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் ஒரு கூடு கண்ணில் பட்டது. ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்குள்ள என்ன தாத்தா இருக்கு?" என்றாள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய கேள்விதான், வேறு வாயிலிருந்து வந்தது. குச்சியோடு வெட்டி உள்ளே கொண்டுவந்தேன். வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "ரிடையர் ஆனவங்க காசி, ராமேஸ்வரம்னு போறாங்க. நீங்க பூச்சி புடிக்கிறீங்க" என்றாள்.

கூட்டைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை. தாய்ப்பூச்சி குச்சியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வயிற்று நுனியிலிருந்து ஒரு பசையை விட்டு, அதை அங்கேயே அடித்து நுரையாக்கி, நுரைக்குள் வரிசை வரிசையாக முட்டை அடுக்கும். சில மணி நேர வேலை. பிறகு நுரை காற்றில் இறுகிவிடும். வெளியே தெர்மகோல் மாதிரி காற்று அடைத்த சுவர், உள்ளே அறை அறையாக முட்டைகள், நடுவில் குஞ்சுகள் வெளியேற நீளவாட்டில் ஒரு பாதை. முன்னாலும் பின்னாலும் மத்துக் கடைவது போல ஆடுவதால் சிலர் தயிர்க்கடை பூச்சி என்று சொல்வார்கள். தன் வயிற்று நுனியால் நிஜமாகவே கடைகிறது என்பது பெயர் வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ!

வீட்டில் பொரிக்க வைப்பதற்குப் பெரிய சாதனம் எதுவும் வேண்டாம். ஒரு முழ உயரப் பிளாஸ்டிக் டப்பா, மூடியில் சன்னல் வெட்டிக் கொசுவலை ஒட்டினால் போதும். கூடு செடியில் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கமாகவே கட்டித் தொங்கவிட வேண்டும். தரையில் போடக் கூடாது, குஞ்சு தொங்குவதற்குக் கீழே இடம் வேண்டும். இஸ்திரி போடும்போது தெளிக்கிற பாட்டிலால் ஒருநாள் விட்டு ஒருநாள் லேசாகத் தெளிக்கலாம். சொட்டச் சொட்ட நனைத்தால் பூசணம் பிடிக்கும். நேர் வெயில் ஆகாது. எறும்புதான் பெரிய எதிரி. சர்க்கரை டப்பாவுக்குச் செய்கிற மாதிரி தண்ணீர்த் தட்டில் நிறுத்திவிட வேண்டும். பிரான்ஸ் நாட்டு ஃபாப்ர் 1897-இல் வெளிவந்த தம் தொகுதியில் எழுதியிருக்கிறார், கும்பிடுபூச்சிக் குஞ்சுகள் வெளிவரும் நேரத்தில் எறும்புகள் வந்து சூழ்ந்துகொண்டு பிடித்துக்கொண்டு போவதை. வளர்ந்தபின் எறும்பை விடப் பல மடங்கு பெரிய வேட்டைக்காரப் பூச்சி, பிறந்த அரைமணி நேரத்தில் எறும்புக்குத் தீனி.

அந்த முதல் கூட்டில் ஏறக்குறைய நாற்பது நாள் காத்திருந்தோம். நம் ஊர்ச் சூட்டில் ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதத்துக்குள் பொரித்துவிடும். ஆனால் கூடு என்றைக்கு இட்டது என்று நமக்குத் தெரியாதே. ஒருநாள் காலை பேத்தி ஓடிவந்து, "தாத்தா, குஞ்சு வரல, கொசு வந்திருக்கு!" என்றாள். போய்ப் பார்த்தேன். கொசு இல்லை, குட்டிக் குளவிகள். பச்சையாக உலோகம் மாதிரி மினுங்குகின்றன. சிலவற்றுக்குப் பின்னால் உடம்பை விட நீளமான ஊசி. பின்னங்கால் தொடை மட்டும் பயில்வான் தொடை மாதிரி வீங்கியிருந்தது. பொடாக்ரியான் என்ற இனம். அந்த ஊசியால் நுரைச் சுவரைத் துளைத்து உள்ளே முட்டையிடும். குளவிப் புழு கும்பிடுபூச்சியின் முட்டையைத் தின்று வளரும். இப்படிப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளில் சில, தாய்ப்பூச்சியின் உடம்பிலேயே ஏறி உட்கார்ந்து, அது எப்போது கூடு கட்டும் என்று காத்துக்கொண்டிருக்குமாம். நுரை இறுகுவதற்குள் வேலையை முடித்துவிடும். கடன் வசூலுக்குப் போன காலத்தில் இவ்வளவு பொறுமை எனக்கு இருந்ததில்லை!

கூட்டின் பக்கவாட்டில் குண்டூசித் தலை அளவில் வட்ட ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று அர்த்தம். கும்பிடுபூச்சிக் குஞ்சு ஓட்டை போடாது, நடுப் பாதை வழியாக நழுவி வரும். பேத்திக்குக் குளவி மேல் ஒரே கோபம். "நசுக்கிடலாமா?" என்றாள். மூடியைத் திறந்துவிடச் சொன்னேன். அதுவும் அந்தச் செம்பருத்தியில் குடியிருந்ததுதானே.

இரண்டாவது கூடு 2024 ஜனவரியில் கிடைத்தது. நல்ல புதுசு, ஓட்டை இல்லை. பிப்ரவரியில் ஒரு காலை, ஏழரை மணி இருக்கும். காபி டம்ளரோடு டப்பா பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

கூட்டின் நடுப்பாதையிலிருந்து மஞ்சளாக ஏதோ வழிகிறது. உற்றுப் பார்த்தால் வழிவது குஞ்சுகள். காலும் கையும் உடம்போடு ஒட்டி, மெல்லிய சவ்வுக்குள் சுற்றி, மீன்குஞ்சு போல நெளிந்து நெளிந்து ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தலையில் கண் இரண்டும் கருப்புப் புள்ளியாகத் தெரிகிறது. ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய இழையில் தொங்குகிறது. தொங்கியபடியே அந்தச் சவ்வு உரிகிறது. முதல் சட்டையைப் பிறந்த இடத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் கால் நீட்டுகிறது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கொத்துக் கொத்தாக ஒரு குட்டிச் சரவிளக்கு. கால் நீண்டு நிறம் ஏறியதும் ஒவ்வொன்றாகப் பிரிந்து வலையின் மேல் ஏறி, தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. அந்தப் பூச்சி எங்கிருந்து பார்த்தாலும் நம்மையே பார்ப்பது மாதிரி கண்ணில் ஒரு கரும்புள்ளி தெரியும். அது கூட்டுக்கண்ணின் அமைப்பால் வருகிற தோற்றம், உண்மையான பாப்பா கிடையாது. தெரிந்திருந்தும் என்ன, அன்றைக்கு அத்தனையும் என்னைத்தான் பார்த்தன. பேத்தி எண்ண ஆரம்பித்து நூற்றிருபதில் விட்டுவிட்டாள். எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. கூடு முன்பிருந்த மாதிரியே இருந்தது. அடியில் மட்டும் பஞ்சு போல ஒரு கொத்து, உரித்த தோல்கள். இதைக் கவனிக்காமல் காலிக் கூட்டை எடுத்து வந்து மாதக்கணக்கில் தண்ணீர் தெளிப்பவர்களும் உண்டு.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். சாப்பாடு தயாராக இல்லை. முதல் ஒன்றிரண்டு நாள் குஞ்சுக்குப் பெரிதாகப் பசிக்காது. அதன் பிறகு உயிருள்ள இரை வேண்டும், அதுவும் நகர்கிற இரை. அந்த அளவுக்குப் பழ ஈதான் சரி, நம்ம டிரோசோஃபிலா. குஞ்சு பிறந்த அன்று கடைக்கு ஓடிப்போய் வாழைப்பழம் வாங்கி வந்து பாட்டிலில் போட்டேன். ஈ முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளிவரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். பி.எஸ்ஸி. ஜுவாலஜி படித்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். பரீட்சையில் படம் போட்டுப் பாகம் குறித்திருக்கிறேன். ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு தப்பு பேராசை. நூற்றிருபதையும் ஒரே டப்பாவில் வைத்துக்கொண்டேன். சமையலறையில் சுற்றிய நாலைந்து ஈயைப் பிடித்துப் போட்டது எந்த மூலைக்கு? மூன்றாம் நாள் ஒன்றையொன்று தின்ன ஆரம்பித்தன. பேத்தி பார்த்துவிட்டு அழுதாள். ஐந்தாம் நாள் காலை டப்பாவின் அடியில் துகள் துகளாகக் கிடந்தது. எனக்கு அந்தக் கண்ணாடி மூடி ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு 19 வயசு, தெரியாது என்று சொல்லலாம். இன்றைக்கு 60 வயசு. என்ன சொல்வது? குளிக்கக்கூடப் போகாமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், மிச்சம் இருந்ததைச் செம்பருத்தி, கறிவேப்பிலை, மல்லிகைப் பந்தல் என்று தள்ளித் தள்ளி விட்டேன். நாற்பது இருந்திருக்கும்.

மூன்றாவது கூட்டுக்கு இப்படி ஆகவிடவில்லை. கூடு கிடைத்த அன்றே பழ ஈ பாட்டில் போட்டேன், வாரத்துக்கு ஒரு பாட்டில் வீதம் மூன்று. வாழைப்பழம் சீக்கிரம் பூசணம் பிடிக்கிறது. ஆகவே நம் பிராக்டிகல் ரெக்கார்டில் எழுதின பழைய முறைதான்: ரவை, வெல்லம், அகர்-அகர் சேர்த்துக் கிளறி, ஆறவைத்து, ஈஸ்ட் தூவுவது. அடுப்பில் கிளறும்போது வீடெல்லாம் வெல்ல வாசம். பக்கத்து வீட்டம்மா, "இன்னைக்கு என்ன விசேஷம், கேசரியா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரி பதில் சொல்லவில்லை.

இந்தத் தடவை பொரித்த அன்று சாயங்காலமே நாலு குஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கூடு கிடைத்த அதே தோட்டத்தில் செடிக்குச் செடி பிரித்து விட்டோம். அவற்றில் எத்தனை பிழைத்திருக்கும்? பல்லி, சிலந்தி, எறும்பு, தேன்சிட்டு எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் மிஞ்சும், அதனால்தான் தாய் அத்தனை முட்டை இடுகிறது. இந்தக் கணக்கை வங்கிக்காரன் எனக்குப் பேத்திதான் விளக்கினாள். "நூறு போட்டா ரெண்டு திரும்ப வரும் தாத்தா. அதுக்கு ஏன் அழணும்?" என்றாள். போன தடவை அழுதவள் அவள்தான்.

வைத்துக்கொண்ட நாலையும் தனித்தனி பாட்டிலில் வளர்த்தோம். பழ ஈ, கொஞ்சம் வளர்ந்ததும் வீட்டு ஈ, பிறகு விளக்கடிப் பூச்சி. ஏழெட்டுத் தடவை சட்டை உரித்துத்தான் பெரிசாகும், கடைசி உரிப்பில்தான் சிறகு வரும். உரிக்கும்போது தலைகீழாகத் தொங்கும். உடம்பைப் போல மூன்று பங்கு உயரம் கீழே காலியாக இருக்க வேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டிலிலேயே கொஞ்ச நாள் அதிகமாக விட்டுவிட்டதால் ஒன்று உரிக்கும்போது தரையில் முட்டிக் கால் வளைந்துபோய்ச் செத்தது. இன்னொன்று ஏன் போயிற்று என்று தெரியவில்லை. இரண்டு முழுசாக வளர்ந்தன, இரண்டும் பச்சை, ஹைரோடுலா வகை. ஒரே பாட்டிலில் விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். தம்பிகள் கேட்கக் காத்திருக்கிற கேள்விக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: ஆமாம், பெண் சில சமயம் ஆணைத் தின்னும். எப்போதும் இல்லை. பசியில் இருந்தால் வாய்ப்பு அதிகம். கல்யாணமான முன்னாள் மாணவர்கள் யாரும் இதற்குமேல் கேட்க வேண்டாம்.

சிறகு வந்த வாரம் இரண்டையும் தோட்டத்தில் விட்டோம். ஒன்று பேத்தியின் கையிலிருந்து செம்பருத்திக்கு ஏறி, தலையை மட்டும் பின்னால் திருப்பி ஒரு பார்வை பார்த்தது. அந்தக் கழுத்துத் திருப்பம் வேறு பூச்சிகளிடம் காண்பது அரிது. இந்தப் பூச்சிக்கு இன்னும் என்னென்னவோ உண்டு. பல கும்பிடுபூச்சிகளுக்கு நெஞ்சின் அடியில், பின்னங்கால்களுக்கு நடுவே ஒரே ஒரு காது இருப்பதை யேகர், ஹாய் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1986-இல் எழுதினார்கள். வௌவாலின் மீயொலி கேட்டால் பறக்கிற பூச்சி சட்டென்று விலகி விழ அந்தக் காது உதவுகிறது. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் 2016-இல் இதன் கண்ணுக்குக் குட்டிக் கண்ணாடி ஒட்டி, முப்பரிமாணப் படம் காட்டிப் பார்த்தார்கள். இல்லாத இரையைப் பிடிக்கக் கையை வீசியது. நம்மைப் போல இரண்டு கண்ணையும் சேர்த்துத் தூரத்தை அளக்கிற பூச்சி!

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தோட்டக்காரர்கள் இந்தக் கூடுகளைக் கடையில் வாங்கித் தொங்கவிடுகிறார்கள். அங்கே விற்பது பெரும்பாலும் சீனத்திலிருந்து போன இனம். பிலடெல்பியா பக்கம் 1896-இல் முதலில் பார்த்தார்கள், இன்று நாட்டின் பல பகுதிகளிலும் பரவிவிட்டது. ஓசனிச்சிட்டு என்ற குட்டிப் பறவையைக்கூடப் பிடித்துத் தின்கிறது. நம் ஊரிலும் யாராவது 'பூச்சி மருந்துக்குப் பதில்' என்று சொல்லிக் கூடு விற்றால் வாங்காதீர்கள். கும்பிடுபூச்சிக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்ற பேதமெல்லாம் தெரியாது. அசுவுணியையும் தின்னும், தேனீயையும் தின்னும், கூடப்பிறந்ததையும் தின்னும். எங்கே எடுத்தீர்களோ அங்கேயே விடுங்கள்.

இன்றைக்குப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு எங்கள் காலத்துத் தவளை, கரப்பான் அறுவையெல்லாம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் குறைக்கச் சொல்லி, 2014-இல் நிறுத்தவே சொல்லிவிட்டது. "அப்போ பிராக்டிகலுக்கு என்னதான் சார் பண்றது, கம்ப்யூட்டர்ல பாக்குறதா?" என்று ஒரு தங்கை காலையில் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் கையில் இந்த டிபன் கேரியரோடு மேடையேறினேன். உள்ளே சாப்பாடு இல்லை. இரண்டு குச்சி, இரண்டு கூடு. நம் மைதானத்துக்குப் பின்னால் இப்போது காம்பவுண்டுச் சுவர் வந்துவிட்டது, வேலி இல்லை. சுவரோரம் நிற்கிற செடிகளில் நேற்றுச் சாயங்காலம் நானும் என் ரூம்மேட்டும் தேடி எடுத்தோம். அவன் முழங்கால் வலியோடு கீழே குனிந்து பார்த்தான், நான் மேலே பார்த்தேன்.

ஒன்று புதுசு மாதிரி தெரிகிறது. இன்னொன்றின் பக்கவாட்டில் ஒரு வட்ட ஓட்டை இருக்கிறது. அதிலிருந்து இனிமேல் வந்தாலும் குளவிதான் வரக்கூடும், அதையும் பாருங்கள். துறைத்தலைவர் அம்மா இரண்டையும் பரிசோதனைக் கூடத்துச் சன்னலோரம் தொங்கவிட இடம் கொடுத்திருக்கிறார்கள். டப்பா, வலை, தண்ணீர்த் தட்டு எல்லாம் வைத்தாகிவிட்டது. சனி, ஞாயிறு யார் வந்து பார்ப்பது என்று ஹாஸ்டல் பசங்க ஒரு முறை போட்டுக்கொள்ளுங்கள். பரீட்சை லீவில் பொரித்துவிட்டால் திறந்துவிட ஒரு ஆள் இங்கே இருக்க வேண்டும். வாட்ச்மேன் அண்ணனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், பூட்டிய அறைக்குச் சாவி அவரிடம்தான்.

ரவை, வெல்லம் என் செலவு. அகர்-அகர் துறையிலேயே இருக்கிறதாம். முதல் ஈ பாட்டிலை இன்று சாப்பாடு முடிந்ததும் போட்டுவிடலாம். வாழை இலையில் பழம் வைப்பார்கள், சாப்பிடாதவர்கள் தூக்கிப் போட்டுவிடாமல் என்னிடம் கொடுங்கள்.